ஈரலில் 9 செ.மீ. கட்டி, ஏஎஃப்பி நார்மல், ஈரல் சுருக்கமும் இல்லை. இது எந்த வகை?

பள்ளத்தூரான்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்காக எழுதுகிறேன். வயது 24, பி.எட். படிக்கிறாள். இதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. கொஞ்ச நாளாக நெஞ்சுக்குழிக்குக் கீழே கனமாக இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ் தொந்தரவு என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை என்றதும் காரைக்குடியில் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். ஈரலின் இடது மடலில் 9 செ.மீ. கட்டி. அப்புறம் மதுரையில் சிடி. கட்டியின் நடுவில் தழும்பு மாதிரி இருக்கிறது, அதில் சுண்ணாம்புப் படிவும் தெரிகிறது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். ஈரல் புற்றில் ஏறக்கூடிய ஏஎஃப்பி என்ற ரத்த அளவு 3.2, நார்மல். ஈரல் சுருக்கம் இல்லை.

ஒரு டாக்டர் இது ஹெபடோமா என்ற ஈரல் புற்று, மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எஃப்என்ஹெச் என்ற சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் அப்பத்தா தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். அண்ணன் யாரைக் கேட்பது என்று தெரியாமல் முகப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பயாப்ஸி எடுக்கலாமா, வேண்டாமா? எங்கே போவது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறை (காரைக்குடி)

அண்ணே, முதலில் அந்த சிடி எப்படி எடுத்தது என்று பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஏற்றி மூன்று கட்டமாக எடுத்திருக்க வேண்டும். தமனியில் மருந்து ஓடும்போது ஒன்று, போர்ட்டல் சிரையில் ஓடும்போது ஒன்று, சில நிமிடம் கழித்து ஒன்று. ஈரல் கட்டியை அது ரத்தம் குடிக்கும் விதத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறார்கள். ஒரே கட்டம் மட்டும் எடுத்த சிடியை வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நடுத்தழும்பு எஃப்என்ஹெச்சிலும் வரும், ஃபைப்ரோலாமெல்லர் என்ற புற்றிலும் வரும். இரண்டுமே இளவயதில் வருபவை, அதனால்தான் குழப்பம். ஆனால் வித்தியாசம் உண்டு. எஃப்என்ஹெச்சில் சுண்ணாம்பு படிவது அபூர்வம், ஃபைப்ரோலாமெல்லரில் அடிக்கடி பார்க்கலாம். எம்ஆர்ஐயில் டி2 படத்தில் எஃப்என்ஹெச் தழும்பு வெளுப்பாகத் தெரியும், ஃபைப்ரோலாமெல்லர் தழும்பு பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். ஈரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் தனி கான்ட்ராஸ்ட் ஒன்று இருக்கிறது, காடாக்ஸிடேட் என்பார்கள். அதை ஏற்றி 20 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் எஃப்என்ஹெச் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஃபைப்ரோலாமெல்லர் பொதுவாகக் கறுத்துப் போய்விடும்.

சுண்ணாம்பு இருக்கிறது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கும்போது ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். அந்த எம்ஆர்ஐயை எடுங்கள். தூரத்து ஊருக்குப் போகும்போது ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு போகாமல் முழு ஸ்கேனையும் குறுந்தட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் இருப்பது யாரோ பொறுக்கிய சில படங்கள்தான். சர்ஜனுக்கு எல்லாப் படமும் வேண்டும்.

கண்டனூர்க்காரர்

தம்பி, ஒன்று மட்டும் கேளுங்கள். ஊசி குத்த விடாதீர்கள். எங்கள் சித்தப்பாவுக்கு ஈரலில் ஊசி போட்டு எடுத்தார்கள், மூன்று மாதத்தில் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. அதுவரை நடமாடிக்கொண்டிருந்த மனிதர். கட்டியைக் கிளறினால் பரவும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கோட்டையூர் மருமகள்

கண்டனூர் அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். என் அயித்தைக்கு ஈரலில் கட்டி இருந்தது. முதலில் போன இடத்தில் வேறு எங்கோ இருந்து ஈரலுக்குப் பரவிய புற்று என்று சொல்லி, கொலோனோஸ்கோபி, எண்டோஸ்கோபி, மார்பு ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தார்கள். மூலம் கிடைக்கவில்லை. 'மூலம் தெரியாத புற்று' என்று எழுதிவிட்டுப் பொதுவான கீமோ கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் வேலூர் போனோம். அங்கே பழைய ஸ்லைடையும் சதையைப் பதித்து வைத்த மெழுகு ப்ளாக்கையும் கேட்டு வாங்கி, செல் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் சாயப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்தார்கள். ஈரலுக்குள் இருக்கும் பித்தக்குழாயிலேயே தொடங்கிய புற்று என்று வந்தது. கொலாஞ்சியோகார்சினோமா. அதன் பிறகுதான் ஜெம்சிடபைனும் சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பெயர் மாறியதும் மருந்து மாறியது. அயித்தை அடுத்த மாசி மகத்துக்கு எங்களோடு இருந்தார். அதனால் சொல்கிறேன், பெயர் தெரியாமல் மருந்து ஆரம்பிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நோயியல் ஓய்வு (தேவகோட்டை)

அரசு மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்நாள் முழுக்க ஸ்லைடு பார்த்திருக்கிறேன். இந்த இழையில் பேசவேண்டியது நிறைய இருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஈரலில் தொடங்கும் புற்றுகளில் முக்கால் பங்குக்கும் மேல் ஹெப்படோசெல்லுலார் கார்சினோமாதான், ஊரில் ஹெபடோமா என்கிறோமே, அதுதான். பத்து முதல் பதினைந்து சதவீதம் பித்தக்குழாய்ப் புற்று. மிச்சம் இருக்கும் சிறு பங்கில் ஒரு பட்டாளமே இருக்கிறது: ஃபைப்ரோலாமெல்லர், இரண்டும் கலந்த கலப்புப் புற்று, ரத்தக்குழாயில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமா, எபிதீலியாய்ட் ஹெமாஞ்சியோ எண்டோதீலியோமா, குழந்தைகளுக்கு வரும் ஹெப்படோபிளாஸ்டோமா, எம்பிரியோனல் சார்கோமா, ஈரலிலேயே தொடங்கும் லிம்ஃபோமா. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு உயிர் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு வீண்.

ஹெபடோமாவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஈரல் சுருக்கம் உள்ளவருக்கும் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கும் மூன்று கட்ட ஸ்கேனில் கட்டி தமனிக் கட்டத்தில் வெளுத்து, பிறகு கறுத்துப்போகும் அந்தக் குறிப்பிட்ட தோற்றம் வந்தால் பயாப்ஸி இல்லாமலே ஹெபடோமா என்று முடிவு கட்டலாம். அப்படிப்பட்டவருக்கு வேறொன்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதுதான் காரணம். இந்தச் சலுகையை ஈரல் நன்றாக இருக்கும் 24 வயதுப் பெண்ணுக்குப் பொருத்துவது தவறு. ஸ்கேனைப் பார்த்தே ஹெபடோமா என்று மாத்திரை எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது.

இனி கண்டனூர்க்காரர் சொன்னது. ஊசி போன வழியில் புற்றுச் செல் ஒட்டி வளர்வது உண்மையிலேயே நடக்கும், நான் மறுக்கவில்லை. ஹெபடோமாவில் நூறு பேருக்கு மூன்று பேருக்கும் குறைவாக. அதுவும் பெரும்பாலும் ஊசி போன தடத்தில் ஒரு சிறு முடிச்சாகத்தான் வரும். மூன்று மாதத்தில் வயிறு முழுக்கப் பரவினால் அந்தப் புற்றின் சுபாவமே அது. ஊசி போடாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும். உங்கள் சித்தப்பாவைக் காப்பாற்றாமல் விட்டது ஊசி அல்ல, ஐயா.

ஆனால் எல்லாருக்கும் உடனே ஊசி என்றும் நான் சொல்லமாட்டேன். கட்டியை முழுசாக வெட்டி எடுக்க முடியும், படமும் தெளிவாக ஒரு வகையைக் காட்டுகிறது என்றால் ஈரல் சர்ஜன் நேரடியாக அறுவைக்கே போய்விடுவார். வெட்டி எடுத்த கட்டியே பயாப்ஸிதான். அதனால் கேள்வியை இப்படிப் பிரியுங்கள். அறுவை செய்யப்போகிறார்கள் என்றால் ஊசி வேண்டுமா என்பதை சர்ஜன் முடிவு செய்யட்டும். அறுவை இல்லை, மருந்துதான் என்றால் சதைப் பரிசோதனை இல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

ஆஞ்சியோசார்கோமா சந்தேகம் இருந்தால் கதை வேறு. அந்தக் கட்டி முழுக்க ரத்தம் நிரம்பிய குகைகள். ஊசி பட்டால் உள்ளே கொட்டிவிடும். ரத்தக்கசிவை அடைக்கும் வசதி உள்ள இடத்தில், கைதேர்ந்தவர்தான் எடுக்க வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத்து பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடம்தான் இந்தப் புற்றுக்கும் வினைல் குளோரைடு வாயுவுக்கும் உள்ள தொடர்பு வெளியே வந்தது. 1930கள் முதல் 1950கள் வரை எக்ஸ்ரேவுக்கு ஏற்றிய தோரோட்ராஸ்ட் என்ற மருந்தும் பல பத்தாண்டு கழித்து இதே புற்றைக் கொண்டுவந்தது. இதற்கு ஈரல் மாற்றுகூடப் பயன்படாது, மிக வேகமாகத் திரும்பிவிடும்.

பள்ளத்தூர்த் தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஃபைப்ரோலாமெல்லர்தான். இளவயது, நல்ல ஈரல், நார்மல் ஏஎஃப்பி, சுண்ணாம்பு படிந்த நடுத்தழும்பு. ஏஎஃப்பி நார்மல் என்பதால் புற்று இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வகையில் அது பெரும்பாலும் ஏறவே ஏறாது. ஈரலுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள நெறிக்கட்டிகளை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ஹெபடோமாவைவிட இது நெறிக்கட்டிக்கு அதிகம் போகும்.

பள்ளத்தூரான்

ஐயா, ரொம்ப நன்றி. இத்தனை தெளிவாக இதுவரை யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். எம்ஆர்ஐக்கு நாள் வாங்கியிருக்கிறோம். கீழாநெல்லியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அப்பத்தாவிடம் நிறுத்தச் சொன்னால் மனம் உடைந்துபோவார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கோட்டையூர் மருமகள்

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அயித்தைக்கு மஞ்சள் ஏறியபோது ஒரு மண்டலம் கீழாநெல்லி சாப்பிட்ட பிறகுதான் ஸ்கேனுக்கே போனோம். அவருக்கு இருந்தது கிருமியால் வந்த காமாலை இல்லை, கட்டி பித்தக்குழாயை அடைத்ததால் வந்தது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது, உடம்பெல்லாம் அரிப்பு. அந்த இரண்டும் இருந்தால் அடைப்பு என்று இப்போது தெரியும். அடைப்புக் காமாலைக்கு ஸ்டென்ட் வைத்து வழி விடவேண்டும், வேர் அரைத்துக் கொடுத்துத் தீராது.

அப்பத்தாவிடம், டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை எந்த மருந்தும் கூடாது என்கிறார், சமையல் உங்கள் கையால்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். நான் எங்கள் ஆயாவிடம் அப்படித்தான் சொன்னேன். அன்றிலிருந்து கவுனி அரிசிக் கஞ்சியும் மண்டியும் என்று அவர் அடுப்படியை விட்டு நகரவில்லை.

நோயியல் ஓய்வு (தேவகோட்டை)

மருமகள் சொன்னது சரி. அறுவைக்கோ ஊசிக்கோ முன்னால் என்னென்ன சாப்பிடுகிறாள் என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மூலிகை, லேகியம், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து. ரத்தம் உறையும் நேரத்தையும் பிளேட்லெட்டையும் பார்க்காமல் ஈரலில் கை வைக்க மாட்டார்கள். எதனால் மாறியது என்ற குழப்பம் அந்த நேரத்தில் வரக்கூடாது.

புதுவயல் அப்பா

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பையனுக்கு ஒன்றரை வயதில் ஹெப்படோபிளாஸ்டோமா. குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்தவன். அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்று அப்புறம்தான் தெரிந்தது. குளிப்பாட்டும்போது அவன் அம்மாவின் கையில்தான் முதலில் தட்டுப்பட்டது, வலது விலாவுக்குக் கீழே கல் மாதிரி. தொப்பை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அது.

உங்கள் பெண்ணுக்கு நேர்மாறாக இவர்களுக்குப் பெரும்பாலும் ஏஎஃப்பி லட்சக்கணக்கில் ஏறும். ஆனால் பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே அது மிக அதிகமாகத்தான் இருக்கும், முதல் வருடத்தில் படிப்படியாக இறங்கும். அதனால் குழந்தையின் வயதை வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். கட்டி பெரிதாக இருந்தும் ஏஎஃப்பி 100-க்குக் கீழே இருந்தால் அதுதான் இன்னும் கவலைக்குரியது என்று டாக்டர் சொன்னார்.

சென்னையில் சிகிச்சை. விடியற்காலைப் பல்லவனில் ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர். முதலில் சிஸ்பிளாட்டின் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள், பிறகு வெட்டி எடுத்தார்கள், மீண்டும் கொஞ்சம் கீமோ. இன்று பள்ளிக்கூடம் போகிறான். ஓடுகிறான், அடம்பிடிக்கிறான்.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிஸ்பிளாட்டின் குழந்தைகளின் காது கேட்கும் திறனைக் கெடுக்கும். அந்த மருந்து ஏறி முடிந்து ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. தயோசல்ஃபேட் இல்லாதவர்களில் 63 சதவீதம், கொடுத்தவர்களில் 33 சதவீதம். பரவாத கட்டி உள்ள குழந்தைகளில் செய்த ஆய்வு அது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் காது பரிசோதனையும் கேளுங்கள்.

ஸ்கேன் அறை (காரைக்குடி)

குழந்தைகளைப் பற்றி வந்ததால் ஒரு விஷயம். ஆறு முதல் பத்து வயதுக்குள் வரும் எம்பிரியோனல் சார்கோமா சிடியிலும் எம்ஆர்ஐயிலும் தண்ணீர்க்கட்டி மாதிரி தெரியும். அதே கட்டியை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் திடமாக இருக்கும். சிடியை மட்டும் பார்த்தால் நாய் மூலம் வரும் ஹைடாடிட் கட்டி என்றோ, சீழ்க்கட்டி என்றோ முடிவு செய்துவிட வாய்ப்பு உண்டு. நம் பக்கம் அமீபா சீழ்க்கட்டி நிறையப் பார்க்கிறோம், அதனால் எல்லாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். இரண்டு படமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அந்த முரண்பாடே ஒரு தடயம். எளிய அல்ட்ராசவுண்டை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

சிங்கைச் செட்டிநாடு

ஊரை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, ஆனால் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். என் தோழிக்கு ஈரல் முழுக்கப் பல முடிச்சுகள். பரவிய புற்று, கடைசிக் கட்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், எடை குறையவில்லை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு டாக்டருக்கு அதுவே உறுத்தியிருக்கிறது. முடிச்சுகள் ஈரலின் ஓரத்தில் இருந்து மேலுறையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. பயாப்ஸியில் எபிதீலியாய்ட் ஹெமாஞ்சியோ எண்டோதீலியோமா என்று வந்தது. ஐயா குறிப்பிட்டாரே, அந்த வகை. இது மெதுவாக நகரும். சிலருக்கு வைத்தியமே இல்லாமல் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். இவளுக்கு ஈரல் மாற்று செய்தார்கள். இந்தப் புற்றில் நுரையீரலில் சில முடிச்சுகள் இருந்தாலும் மாற்றுக்கு யோசிப்பார்களாம், ஹெபடோமாவில் அது நடக்காது.

கடைசிக் கட்டம் என்று கேட்டதும் அவள் உயில் எழுதிவிட்டாள். அந்த வார்த்தையை யாரும் சதைப் பரிசோதனைக்கு முன்னால் சொல்லக்கூடாது.

கண்டனூர்க்காரர்

தேவகோட்டை ஐயாவுக்கு: நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சித்தப்பா விஷயத்தில் இத்தனை வருடம் அந்த ஊசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். சரி, அது இருக்கட்டும். ஒரு சந்தேகம். ஊசியில் எடுப்பது தலைமுடி அளவு சதை. 9 செ.மீ. கட்டியில் அந்த ஒரு நூல் எப்படி முழுக்கதையைச் சொல்லும்?

நோயியல் ஓய்வு (தேவகோட்டை)

நல்ல கேள்வி. சில சமயம் சொல்லாது, அதுதான் உண்மை. கலப்புப் புற்றில் ஒரு பகுதி ஹெபடோமா, பக்கத்திலேயே பித்தக்குழாய்ப் புற்று. குழம்புச் சோற்று அண்டாவில் எடுத்த ஒரு கரண்டியில் வெறும் சோறு வந்தால் அண்டாவில் குழம்பே இல்லை என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் ஊசி ஒரு பக்கத்தில் போனால் ஒரு பெயர், மறுபக்கம் போனால் இன்னொரு பெயர். அதனால் படமும் ரத்தப் பரிசோதனையும் சதையும் ஒன்றையொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். படம் ஹெபடோமா மாதிரி இருக்கிறது, ஆனால் பித்தக்குழாய்ப் புற்றில் ஏறக்கூடிய சிஏ 19-9 என்ற ரத்த அளவு ஏறியிருக்கிறது என்றால் கலப்பை நினைக்க வேண்டும். இதிலும் ஒரு எச்சரிக்கை: காமாலை இருந்தாலே சிஏ 19-9 ஏறும். மஞ்சள் இறங்கியபின் திரும்பப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சாயங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று மட்டும் போட்டு நிறுத்தியிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 பிடித்தால் ஈரல் செல். சிகே7, சிகே19 பிடித்தால் பித்தக்குழாய்ப் பக்கம், ஆனால் மற்ற உறுப்புகளும் அதே சாயம் பிடிக்கும், அதனால்தான் குடல், கணையம், நுரையீரல், மார்பகம் எல்லாம் தேட வேண்டியிருக்கிறது. சிடி31, ஈஆர்ஜி பிடித்தால் ரத்தக்குழாய்க் கட்டி. ஃபைப்ரோலாமெல்லரில் ஹெப்பார்-1 பிடிக்கும், கூடவே சிகே7-உம் சிடி68-உம் பிடிக்கும். அந்த மூன்றும் சேர்ந்து வந்து, பெரிய இளஞ்சிவப்புச் செல்களுக்கு நடுவே நார்ப்பட்டைகள் வரிவரியாக ஓடினால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

இந்தப் புற்றுக்கு 2014-இல்தான் மரபணுக் காரணம் கிடைத்தது. டிஎன்ஏஜேபி1, பிஆர்கேஏசிஏ என்ற இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த ஆய்வில் பங்கெடுத்த எலானா சைமன் என்ற பெண்ணுக்கே 12 வயதில் இந்தப் புற்று வந்து அறுவை செய்திருந்தார்கள். பள்ளி மாணவியாக இருக்கும்போதே தன் நோயின் காரணத்தைத் தேடி அப்பாவின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பரிசோதித்த 15 கட்டிகளிலும் அதே ஒட்டு. உங்கள் பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள் தம்பி. அவளுக்குத் தைரியம் வரும்.

கோட்டையூர் மருமகள்

பித்தக்குழாய்ப் புற்று உள்ளவர்களுக்காக நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துவிடுகிறேன். எங்கள் காலத்தில் இரண்டு கீமோ மருந்துதான். 2022-இலிருந்து அதோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புற்றைத் தாக்க உதவும் டுர்வாலுமாப் என்ற ஊசியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஈரலுக்குள் வரும் வகையில் சிலருக்கு எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு ஒட்டு இருக்கும், சிலருக்கு ஐடிஹெச்1 மாற்றம் இருக்கும். முதலாவதற்குப் பெமிகாட்டினிப், இரண்டாவதற்கு ஐவோசிடெனிப் என்று குறிவைத்த மாத்திரைகளே உண்டு. மரபணுப் பரிசோதனை செய்யாவிட்டால் அது இருப்பதே தெரியாது. முழுசாக வெட்டி எடுத்தவர்களுக்கு ஆறு மாதம் கேப்சிட்டபைன் கொடுப்பார்கள். மாத்திரைகளின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம் என்பது உண்மைதான். ஆனாலும் கேளுங்கள். ஆராய்ச்சியில் சேர்க்க முடியுமா, கம்பெனி உதவி உண்டா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தால்தான் கதவு திறக்கும்.

பள்ளத்தூரான்

எம்ஆர்ஐ முடிந்தது. தழும்பு டி2-வில் கறுப்பு, கடைசிப் படத்தில் கட்டியும் கறுப்பு. ஈரல் வாசலில் ஒரு நெறிக்கட்டி பெரிதாக இருக்கிறது. நுரையீரல் சுத்தம். ஃபைப்ரோலாமெல்லர் என்றே ரிப்போர்ட். சென்னையில் ஈரல் சர்ஜனைப் பார்த்தோம். அவர்கள் தனி ஆளாக முடிவெடுக்கவில்லை. சர்ஜன், புற்று டாக்டர், ஸ்கேன் டாக்டர், நோயியல் டாக்டர் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். ஊசி வேண்டாம், இடது மடலையும் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார்கள். மிச்சம் இருக்கும் ஈரல் போதுமா என்று அளந்து பார்த்துவிட்டார்கள், போதும்.

கார்டைப் பற்றியும் கேட்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அண்ணன் இருக்கிறார்.

புதுவயல் அப்பா

கார்டு இருந்தால் பெரிய ஆறுதல் அண்ணே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையாகத் திட்டத்துக்கு என்று இருக்கும் கவுன்டரில் கார்டைக் காட்டுங்கள், எந்த பேக்கேஜில் வரும் என்று எழுதி வாங்குங்கள். முன் அனுமதி கிடைத்த பிறகுதான் அட்மிஷன் என்று இருங்கள். பணம் கட்டிவிட்டு அப்புறம் திரும்பக் கேட்பது ரொம்பக் கஷ்டம். சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் ஈரல் அறுவை, ஈரல் மாற்று எல்லாம் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்று தயங்காதீர்கள்.

பள்ளத்தூரான்

எல்லோருக்கும் தெரியப்படுத்த எழுதுகிறேன். அறுவை நல்லபடியாக முடிந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், இரண்டாங்கட்டில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். ரிப்போர்ட் ஐயா சொன்னது போலவே: ஹெப்பார்-1, சிகே7, சிடி68 மூன்றும் பாசிட்டிவ், வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் இருந்தது. மரபணு ஒட்டைப் பார்க்க வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போதைக்குக் கீமோ எதுவும் சொல்லவில்லை. அதுதான் அண்ணனுக்குப் பயமாக இருக்கிறது. புற்றுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு மருந்தே கொடுக்காமல் அனுப்புவார்களா ஐயா?

நோயியல் ஓய்வு (தேவகோட்டை)

மிகவும் சந்தோஷம் தம்பி. மருந்து கொடுக்காததைப் பற்றி அண்ணன் பயப்பட வேண்டாம். இந்த வகையில் அறுவைக்குப் பிறகு கொடுத்தால் பலன் உண்டு என்று நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. ஹெபடோமாவுக்கு 2020-இல் வந்த அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் ஜோடியின் பெரிய ஆய்வில்கூட ஃபைப்ரோலாமெல்லர் நோயாளிகளைச் சேர்க்கவில்லை. ஹெபடோமாவுக்கு வேலை செய்தது இதற்கும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் கவனிப்பு விட்டுப்போகக் கூடாது. நேராகவே சொல்கிறேன், இந்தப் புற்று பாதிப் பேருக்கும் மேல் திரும்பி வருகிறது. திரும்பி வந்தாலும் மறுபடி வெட்டி எடுப்பது பலன் தரும், சிலருக்கு பலமுறை எடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் அது முடியும். எனவே முதல் இரண்டு வருடம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஏஎஃப்பியை மட்டும் பார்த்து நார்மல் என்று இருந்துவிடாதீர்கள், இவளுக்கு அது முதலிலேயே ஏறவில்லை. நெஞ்சு ஸ்கேனும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோய் திரும்பி வந்த நிலையில் அவள் திடீரென்று குழம்பிப் பேசினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், அதைச் சோர்வு என்று விடாதீர்கள். இந்தப் புற்றில் ஈரல் நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் அம்மோனியா ஏறலாம். ஆஸ்பத்திரியில் அம்மோனியா பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அபூர்வம் என்பதால் அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.

பள்ளத்தூரான்

குறித்துக்கொண்டேன் ஐயா. அந்த மெழுகு ப்ளாக்கை நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா? எப்படி வைத்திருப்பது?

நோயியல் ஓய்வு (தேவகோட்டை)

தாராளமாகக் கேட்கலாம். நோயாளியோ உறவினரோ கடிதம் எழுதி, அடையாள அட்டை நகல் கொடுத்தால் நோயியல் துறையில் தருவார்கள். ஸ்லைடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே ப்ளாக்தான் இருக்கிறது என்றால் முழுவதையும் எடுத்துவர வேண்டாம். அதிலிருந்து சாயம் போடாத ஸ்லைடுகள் சில வெட்டித் தரச் சொல்லுங்கள், ப்ளாக் அங்கேயே இருக்கட்டும்.

வாங்கினால் எண் சரியாக இருக்கிறதா என்று ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே பெயரும் எண்ணும் எழுதி, மர பீரோவில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. காரில் கொண்டுபோகும்போது முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். அந்த மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அந்த இடம் அவ்வளவு சூடாகிவிடும்.